வயர் போகிற வழிக்கு ஒரு பேட்டன்ட்

"வயர் போற வழிக்கெல்லாம் பேட்டன்ட் கேக்குறாங்களாம்யா!" என்று ஒரு நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். சாஃப்ட்வேர்காரர். வெளிவட்டச் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. அவர் மேசையில் மரப்பலகையில் பித்தளைத் தகடு பதித்து மூன்று அமெரிக்க பேட்டன்டுகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்று, போன் திரையை எந்தப் பக்கம் தள்ளினால் எது திறக்கும் என்கிற சமாச்சாரம். அது கண்டுபிடிப்பு. ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குள் வயரை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பது மட்டும் காமெடி!

எனக்கு அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். துபாய், தோஹா பக்கம் இருக்கிறவர்கள் ஏசியைப் போட்டுவிட்டு உட்காருங்கள். உங்கள் பால்கனியில் முனகிக்கொண்டிருக்கிற பெட்டியைப் பற்றித்தான் பேச்சு.

புதிதாக வருகிறவர்களுக்கு: நான் சாத்தூர்க்காரன். பிழைக்க வந்தது பெங்களூர் பீன்யா. ஷீட் மெட்டல் டிசைனில் ஆரம்பித்து, இப்போது பேட்டன்ட் விண்ணப்பங்களுக்காகப் பழைய ஆவணங்களைத் தேடிக் கொடுக்கிற வேலை. அதாவது, ஒருவர் "இது என் கண்டுபிடிப்பு" என்று வந்தால், "இல்லை சார், இதை முப்பது வருடம் முன்னாலேயே ஒருத்தர் எழுதி வைத்திருக்கிறார்" என்று சொல்லி வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொள்கிற பிழைப்பு :-)

சரி, பெட்டியைத் திறப்போம்.

அவுட்டோர் யூனிட் என்பது நடுவில் தடுப்புத் தகடு வைத்த இரண்டு அறை வீடு. ஒரு அறையில் காற்றாடி. இன்னொரு அறையில் கம்ப்ரஸரும் செம்புக் குழாய்களும். தடுப்புக்கு மேலே பரண் மாதிரி ஒரு கன்ட்ரோல் பாக்ஸ், அதற்குள் எலெக்ட்ரானிக் போர்டு. அங்கிருந்து கம்ப்ரஸருக்குத் தடித்த வயர்கள் இறங்க வேண்டும். காற்றாடி மோட்டாருக்கு ஒரு கட்டு, குழாய்களில் ஒட்டியிருக்கும் வெப்ப சென்சார்களுக்கு மெல்லிய வயர்கள், வீட்டுக்குள்ளிருந்து வருகிற கேபிளுக்குப் பக்கவாட்டில் டெர்மினல்.

இந்த வயர்களுக்கு உள்ளே எத்தனை விரோதிகள் தெரியுமா? கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் குழாய் எண்பது, தொண்ணூறு டிகிரி சூட்டில் இருக்கும். வயரின் மேல்தோல் அதில் சாய்ந்தால் நாளடைவில் இளகும், கெட்டியாகும், வெடிக்கும். கம்ப்ரஸர் ஓடும்போது பெட்டி முழுக்க அதிரும். முக்கால் மில்லிமீட்டர் தகட்டின் ஓரம் என்பது கத்திதான். ஆயிரக்கணக்கான மணி நேரம் வயர் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்து டெர்மினலுக்கு வந்து சேரும். (வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றுவார்கள், கவனித்திருப்பீர்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.) இன்வெர்ட்டர் ஏசி வந்த பிறகு இன்னொரு தலைவலி. கம்ப்ரஸர் வயரில் மின்சாரம் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிப் போகிறது. சென்சார் வயர் அதை ஒட்டியே படுத்துக்கொண்டால் போர்டுக்குத் தப்பும் தவறுமாகச் சேதி போகும். பல்லியையும் எறும்பையும் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. போர்டு மேல் கருகிக் கிடக்கிற பல்லியைப் பார்க்காத ஏசி மெக்கானிக் தமிழ்நாட்டில் உண்டா?

இத்தனையையும் சமாளித்து, அசெம்பிளி லைனில் ஒருவர் சில நொடிகளில் வயரைச் சொருகிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். நான்கு வருடம் கழித்து மூன்றாம் மாடிச் சுவரில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு ஒரு மெக்கானிக் அதைக் கழற்ற வேண்டும். ஆக, வயர் போகிற வழி என்பது, உங்கள் ஏசி பத்து வருடம் ஓடுமா, இல்லை இரண்டாவது கோடையிலேயே புகையுமா என்கிற கேள்வி. உலக பேட்டன்ட் வகைப்பாட்டில் அவுட்டோர் யூனிட்டின் மின்பாகங்களை எங்கே எப்படி வைப்பது என்பதற்கென்றே தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள்: எஃப்24எஃப் 1/22. சிரிக்கிறவர்கள் போய்ப் பார்க்கலாம். ஜப்பான்காரனும் கொரியாக்காரனும் சீனாக்காரனும் வரிசை கட்டி நிற்கிறார்கள். வேலை வெட்டி இல்லாமலா?

நிற்க. இப்படி ஒரு விண்ணப்பம் நம் பேட்டன்ட் ஆபீசுக்குப் போனால் என்ன நடக்கும்?

எக்ஸாமினர் கேட்பது முதலில், இது புதுசா? அப்புறம், புதுசாகவே இருந்தாலும் இந்தத் தொழில் தெரிந்த ஒருவனுக்கு இது தானாகத் தோன்றியிருக்காதா? 1970ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 2(1)(ஜேஏ). ஏற்கெனவே தெரிந்ததை விடத் தொழில்நுட்பத்தில் ஒரு படி முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்க வேண்டும். அதற்கு மேல் அது சட்டென்று தோன்றிவிடாத ஒன்றாகவும் இருக்க வேண்டும். இதைத் தாண்டினால் பிரிவு 3(எஃப்) காத்திருக்கிறது. தெரிந்த சாமான்களைத் தெரிந்த வேலையைத் தனித்தனியாகச் செய்யும்படி சும்மா அடுக்கி வைத்தாலோ, மாற்றி அடுக்கினாலோ, அது கண்டுபிடிப்பே ஆகாது. வயர் வழி மாதிரி விண்ணப்பத்துக்கு இந்த 3(எஃப்) ஆட்சேபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிளாம்ப் தெரிந்தது, துளை தெரிந்தது, வளைவு தெரிந்தது. அடுக்கினாய், அவ்வளவுதானே?

முதல் ஆய்வறிக்கை வரும். டி1 என்று ஒரு பழைய ஆவணம், டி2 என்று இன்னொன்று. "டி1-ல் தடுப்புத் தகட்டில் துளை இருக்கிறது. டி2-ல் வயர்ப்பிடி இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது தொழில் தெரிந்தவனுக்கு இயல்பே." விடுகதைக்கு விடை சொன்னபிறகு எல்லோருக்கும் அது சுலபம்தான்! டி1-ஐயும் டி2-ஐயும் சேர்க்க வேண்டும் என்று அந்த நாளில் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல எக்ஸாமினர்கள் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் கையில் இருக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று, அதுதான் சிக்கல்.

அந்த அளவுகோலுக்கு ஒரு கதை உண்டு. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர், பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். பாத்திரத்தை லேத்தில் கடைந்து மெருகேற்ற வேண்டும். பழைய முறையில் அதை லேத் தலையில் ஒருவிதப் பசை வைத்து ஒட்டிக் கடைவார்கள். நேரம் தின்னும், ஓடுகிற லேத்திலிருந்து பாத்திரம் பிய்த்துக்கொண்டு பறக்கும். ஒரு கம்பெனி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தண்டால் அழுத்திப் பிடிக்கிற ஏற்பாடு செய்து, 1951 தேதியிட்ட பேட்டன்ட் வாங்கியது. அதே ஊர்க்காரர் இன்னொருவர் அதே முறையில் செய்ய, வழக்கு. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி பேட்டன்ட்டை ரத்து செய்தார். அங்கேயே அப்பீலில் திரும்பக் கிடைத்தது. கடைசியில் 1978ல் உச்ச நீதிமன்றம், பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், பேட்டன்ட் செல்லாது என்று முடித்து வைத்தது. வெறும் பட்டறை முன்னேற்றம் போதாது, அதற்கு மேல் ஏதாவது வேண்டும். இன்றைக்கும் இந்திய பேட்டன்ட் வாதங்களில் வந்து நிற்கிற தீர்ப்பு அது.

தீர்ப்பு தப்பு என்று நான் சொல்லவில்லை. தெரிந்த ஒரு பிடிமானத்தை வைத்துக்கொண்டு ஊரிலிருக்கிற எல்லா லேத்தையும் வருடக்கணக்கில் மறிப்பது நியாயமில்லை. ஆனால் அந்தச் சொல் இருக்கிறதே, பட்டறை முன்னேற்றம்... பீன்யாவில் இருந்துகொண்டு அதைப் படித்தால் வேறு மாதிரி குத்துகிறது. ஏனென்றால் பீன்யா என்பதே பட்டறை முன்னேற்றம்தான்!

இங்கே வராதவர்களுக்குச் சொல்கிறேன். தும்கூர் சாலையில் கோரகுண்டேபாளையம் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் ஷெட், ஷெட், ஷெட். 1970களில் தொடங்கிய தொழிற்பேட்டை. ஏபிபி மாதிரி பெரிய கம்பெனியும் உண்டு, இஸ்ரோவின் செயற்கைக்கோள் கண்காணிப்பு மையமும் இங்கேதான். ஆனால் எண்ணிக்கையில் ஜாஸ்தி, பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற ஷெட்கள்தான். பவர் பிரஸ், பெண்டிங் மெஷின், லேத், பவுடர் கோட்டிங். 2014ல் மெட்ரோ வந்தபிறகு ஸ்டேஷனிலிருந்தே தகடு அடிக்கிற சத்தம் கேட்கிறது. வேலூர், திருப்பத்தூர், தருமபுரி பக்கத்து ஆட்கள் நிறைய. டீக்கடையில் பாதிப் பேச்சு தமிழ், மீதி கன்னடம், இப்போது ஒடியாவும் இந்தியும்.

இங்கே ஒரு ஷெட்டில் தகடு மடிக்கிற அண்ணன் ஒருவர். வாணியம்பாடிப் பக்கம். எட்டாவது வரை படிப்பு, கையோ இஞ்சினியர் கை. அவுட்டோர் யூனிட்டின் தடுப்புத் தகடு அவர்கள் ஷெட்டுக்கு ஜாப் வொர்க்காக வந்துகொண்டிருந்தது. டிராயிங்கில் வயர் நுழைய ஒரு வட்டத் துளை, ஓரம் அறுக்காமல் இருக்க அதில் ஒரு ரப்பர் புஷ். அந்த புஷ் லைனில் கழன்று விழும், அல்லது போட மறந்துவிடும். திரும்பி வந்த பெட்டிகளில் வயர் அறுபட்டிருந்ததை அண்ணன் பார்த்திருக்கிறார். ஒருநாள் துளையை முழுக்க வெட்டி எடுக்காமல், ஒரு பக்கம் ஒட்டியபடி நாக்கு மாதிரி விட்டு, அந்த நாக்கைத் தலைகீழாக மடித்து வைத்தார். வயர் இப்போது வெட்டு ஓரத்தில் உட்காரவில்லை, மடிப்பின் உருண்டையான முதுகில் உட்கார்ந்தது. நாக்கின் நுனி கீழே பார்த்திருப்பதால் வயரோடு நடந்து வருகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், மேலே பாக்ஸுக்குப் போகாது. டையைக் கொஞ்சம் மாற்றியதோடு சரி, பிரஸ்ஸில் தனி அடி கிடையாது. புஷ் மிச்சம். புஷ் போடுகிற ஆளின் நேரம் மிச்சம்.

கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள் வந்து பார்த்தார். (கம்பெனி பெயர் வேண்டாம்.) "நல்லாருக்கே" என்று சாம்பிள் இரண்டு எடுத்துப் போனார். இரண்டு மாதத்தில் நாக்கு மடிப்போடு புது டிராயிங், புது ரிவிஷன் எண். அதே டிராயிங் இன்னும் மூன்று ஷெட்களுக்கும் விலை கேட்டுப் போயிருந்தது. பீஸுக்குச் சில பைசா குறைத்துச் சொன்னவருக்கு ஆர்டர். அண்ணன் இருந்த ஷெட்டில் அந்த வேலையே நின்றது. "போகட்டும் தம்பி, நாம மடிச்சது நாலு எடத்துல ஓடுதுல்ல" என்றார். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓடுகிறது, சரி. யார் வீட்டு அரிசிக்கு ஓடுகிறது?

நானே எக்ஸாமினர் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணனின் நாக்கைப் பரிசோதித்துப் பார்த்தேன், தொழில் தர்மப்படி. 3(எஃப்) நிற்காது என்பது என் வாதம். மடிப்பும் சொட்டும் நுனியும் தனித்தனியாக வேலை செய்யவில்லை. ஒரே நாக்கு வயரைத் தாங்குகிறது, ஓரத்தை மழுக்குகிறது, தண்ணீரை வழிமறிக்கிறது. பொருளாதார முக்கியத்துவமும் இருக்கிறது. புஷ்ஷின் விலையைப் பெட்டி எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். ஆனால் தேடிப் பார்த்தால்? வெட்டிய நாக்கை மடித்து வயரைத் தாங்குகிற வேலை, ஆவணம் ஆவணமாக வருகிறது. வேறு வேறு சாமான்களில், கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி. டி1, டி2, டி3. இருபது வருட பேட்டன்ட் கிடைப்பது கஷ்டம்தான்.

அந்த ஆவணங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொன்னால்தான் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும். பெரும்பாலும் ஜப்பான். அதுவும் முழு பேட்டன்ட்கள் அல்ல, யூடிலிட்டி மாடல் என்கிற சின்ன பேட்டன்ட்கள். ஜெர்மனி 1891ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. பெரிய கண்டுபிடிப்புக்குப் பெரிய உரிமை; சாமானின் வடிவிலோ அமைப்பிலோ செய்த சின்ன முன்னேற்றத்துக்குச் சின்ன உரிமை, குறைந்த காலத்துக்கு. ஜப்பான் 1905ல் அதை எடுத்துக்கொண்டது. 1980களில் அங்கே ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் சின்ன பேட்டன்ட் விண்ணப்பங்கள். வயர்ப்பிடி, ஸ்க்ரூ போடாமல் மாட்டுகிற மூடி, தண்ணீர் வடிகிற விளிம்பு. நம் நண்பர் பார்த்தால் சிரித்தே செத்திருப்பார். அன்றைக்கு அவற்றால் அவர்களுக்குக் காசும் கௌரவமும் கிடைத்தன. உரிமைக்காலம் முடிந்து போயிற்று. ஆனால் காகிதம் சாகவில்லை. இன்றைக்குப் பீன்யாக்காரன் விண்ணப்பம் போட்டால் எதிரே டி1 என்று எழுந்து நிற்பது அந்தக் காகிதம்தான்! அவர்கள் பட்டறை முன்னேற்றத்தை எழுதி வைத்தார்கள். நாம் அதை டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டோம்.

சீனாக்காரனும் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டான். வென்ஜோ பக்கம் 1984ல் சின்னப் பட்டறையாகத் தொடங்கிய சின்ட் என்கிற கம்பெனி, வீட்டு மெயின் போர்டில் இருக்கும் சின்ன சர்க்யூட் பிரேக்கரின் அமைப்புக்கு ஒரு யூடிலிட்டி மாடல் வைத்திருந்தது. அதை வைத்து பிரான்ஸின் ஷ்னைடர் மேல் 2006ல் வழக்குப் போட்டது. 2007ல் வென்ஜோ நீதிமன்றம் 33 கோடி யுவானுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2009ல் 15.75 கோடி யுவானுக்கு சமாதானம் ஆனது. சின்ட் அப்போது சின்னப் பட்டறை இல்லை, பெரிய கம்பெனியாக வளர்ந்திருந்தது, அதுவும் உண்மை. ஆனால் கையில் இருந்தது பெரிய பேட்டன்ட் இல்லை. பட்டறை முன்னேற்றம்!

இந்தியாவில் இது கிடையவே கிடையாது. தொழில் கொள்கைத் துறை 2011ல் யூடிலிட்டி மாடல் வேண்டுமா என்று ஒரு விவாத அறிக்கை போட்டது. விவாதித்தார்கள். சட்டம் வரவில்லை. இங்கே இருப்பது இருபது வருடம், அல்லது பூஜ்யம். நடுவில் ஒன்றுமில்லை. டிசைன் பதிவு செய்யலாமே என்பார்கள். 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டம் கண்ணுக்குத் தெரிகிற அழகைத்தான் காக்கும். இயங்குகிற விதத்தையோ கட்டமைப்பையோ தொடாது. அண்ணனின் நாக்கு பெட்டிக்குள் இருட்டில் இருக்கிறது, அதற்கு என்ன அழகு? ரகசியமாக வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஸ்க்ரூடிரைவர் இருக்கிற எவனும் பார்க்கக்கூடியதில் என்ன ரகசியம்?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை விழுங்கிவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. சின்ன உரிமையைச் சுலபமாகக் கொடுத்தால் குப்பை குவியும். சீனாவில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல் யூடிலிட்டி மாடல் விண்ணப்பங்கள், அத்தனையும் அறிவா? ஆஸ்திரேலியா 2001ல் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கி, சின்ன கம்பெனிகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்று கண்டு, 2021 ஆகஸ்டோடு புது விண்ணப்பத்தை நிறுத்திவிட்டது. அதைவிடப் பெரிய பயம்: பெரிய கம்பெனிகளே ஆயிரம் சின்ன பேட்டன்ட்களை வாங்கிக் குவித்து, நாளைக்கு அண்ணன் ஷெட் வாசலில் நோட்டீஸ் ஒட்டினால்? இடதுசாரி நண்பர் ஒருவர் இதைச் சொல்லித்தான் என்னோடு சண்டை போடுகிறார். அவர் பயம் வெறும் பயம் அல்ல.

ஆனால் அதற்கு வழியில்லாமல் இல்லை. ஜப்பான் 1994லிருந்து யூடிலிட்டி மாடலைச் சோதிக்காமல் பதிவு செய்கிறது. ஆனால் அதை வைத்து யாரையாவது மிரட்டுவதற்கு முன் பேட்டன்ட் ஆபீசிடம் ஒரு தொழில்நுட்ப மதிப்பீட்டு அறிக்கை வாங்கிக் காட்ட வேண்டும். காட்டாமல் பாய முடியாது. நம் ஊருக்கு நான் இன்னும் கறாராகக் கேட்பேன். காலம் ஏழெட்டு வருடம் போதும். வழக்குக்குப் போகும் முன் முழுப் பரிசோதனை கட்டாயம். குறு, சிறு தொழிலுக்கு மட்டும் என்று வேலி போட்டாலும் எனக்குச் சம்மதமே. பெரியவர்களுக்கு இருபது வருட பேட்டன்ட் இருக்கவே இருக்கிறது.

பரிசோதனை என்றதும் இன்னொன்று. அளவுகோல் ஒன்றுதான், ஆனால் அதன் முன் வந்து நிற்கிறவர்கள் சமமா? பெரிய கம்பெனி விண்ணப்பத்தில் அட்டவணை இருக்கும்: இத்தனை மணி நேரம் அதிர வைத்தோம், வயரின் தோல் இவ்வளவு தேய்ந்தது, புது அமைப்பில் இவ்வளவுதான். எக்ஸாமினர் "இதனால் என்ன தொழில்நுட்பப் பலன்?" என்று கேட்டால் அந்த அட்டவணை பேசும். அதிர வைத்துப் பார்க்கிற மேசை பீன்யா ஷெட்டில் ஏது? அண்ணனிடம் இருந்த ஆதாரம், திரும்பி வந்த பெட்டியில் அறுந்த வயரைப் பார்த்த கண். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? தொழிற்பேட்டைக்கு ஒரு பொதுப் பரிசோதனைக் கூடம், பேட்டன்ட்டுக்கான சோதனையை ஷெட்காரன் தாங்கும் கட்டணத்தில் செய்து கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். பூங்காவுக்கும் வளைவுக்கும் கிடைக்கிற பணம் இதற்கும் கிடைக்கும்.

மொழிக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு ரத்தக்கொதிப்பு. பேட்டன்ட் விதிகள் 2003, விதி 9. ஆவணங்கள் இந்தியில் இருக்கலாம், ஆங்கிலத்தில் இருக்கலாம். அவ்வளவே. கர்நாடகத்து ஷெட்டிலிருந்து கன்னடத்தில் அனுப்ப முடியாது, தமிழில் அனுப்ப முடியாது. இதில் வேடிக்கை, பெங்களூரில் பேட்டன்ட் ஆபீஸே கிடையாது. பீன்யா விண்ணப்பம் போய்ச் சேர்வது சென்னை கிண்டி, ஜிஎஸ்டி சாலை. சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டி! ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்குப் போகிற காகிதம், இரண்டு பேட்டையிலும் பேசுகிற மொழியில் இருக்கக் கூடாதாம். ஜப்பான்காரன் தன் வயர்ப்பிடியை ஜப்பானிய மொழியில்தான் எழுதினான்.

உரிமை கிடைத்தாலும் வழக்காட முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரட்டை ஸ்பார்க் பிளக் விவகாரத்தில் பஜாஜும் ஓசூர் டிவிஎஸ்ஸும் 2007ல் மோதிக்கொண்டன. சென்னை உயர்நீதிமன்றம், மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் என்று போய், 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் வேகமாக முடியுங்கள் என்று கண்டித்தது. சமாதானம் ஆனது 2019ல். பன்னிரண்டு வருடம்! மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் தாங்கும். பத்துப் பேர் ஷெட் பன்னிரண்டு மாதம் தாங்காது. ஆனால் ஒன்று கவனியுங்கள். பர்ச்சேஸ் ஆளின் முன்னால் ஒரு விண்ணப்ப எண் இருந்தால், அந்த டிராயிங்கை மூன்று ஷெட்களுக்கு அனுப்புவதற்கு முன் அவருடைய சட்டப் பிரிவு அவரை ஒரு நிமிடம் நிறுத்தும். பேரத்தில் அந்த ஒரு நிமிடம்தான் அண்ணனுக்கு வேண்டியிருந்தது.

அரசாங்கத்துக்கு ஏசி மேல் திடீர்ப் பாசம் வந்திருப்பதையும் பார்க்கிறோம். 2020 அக்டோபரில் கேஸ் நிரப்பிய ஏசி இறக்குமதிக்குத் தடை. 2021ல் ஏசிக்கும் எல்இடிக்கும் சேர்த்து 6,238 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம். இந்தியாவிலேயே பாகம் செய்யுங்கள் என்கிறார்கள். நல்லது. 2023-24ல் ஒரு லட்சத்துக்கு மேல் பேட்டன்ட் வழங்கினோம் என்று மார்தட்டவும் செய்கிறார்கள். பாகம் இங்கே செய்யப்படும். அதன் உள்ளே வயர் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லுகிற காகிதம் யார் பெயரில் இருக்கும்?

சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரை ஊரில் அண்ணனோ மாமாவோ பட்டறை வைத்திருக்கிறவர்களுக்குச் சில விஷயம். தனி ஆளோ சிறு தொழிலோ ஆன்லைனில் விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதிக்கச் சொல்லித் தனியாக 4,000. அதை 31 மாதத்துக்குள் கேட்டாக வேண்டும் என்று 2024ல் மாற்றியிருக்கிறார்கள், முன்பு 48 மாதம். (ஏஜென்ட் கட்டணம் இதைவிடப் பல மடங்கு, அதுதான் உண்மையான செலவு.) முழுசாக எழுத வராவிட்டால் பிரிவு 9ன்படி தற்காலிக விவரணம் கொடுக்கலாம். யோசனையை விளக்கி, கையால் போட்ட படத்தோடு. அன்றைய தேதி உங்களுக்கு. பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரணம் தர வேண்டும். முக்கியமாக, இதைச் செய்துவிட்டு அப்புறம் சாம்பிளைக் கொடுங்கள். எந்த ஒப்பந்தமும் இல்லாமல் நாலு பேரிடம் சாம்பிள் போய்விட்டால், உங்கள் நாக்கே உங்களுக்கு எதிராக டி1 ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்க ஆள் இல்லை என்பவர்கள், பீன்யா, ஜாலஹள்ளி, தாசரஹள்ளி வட்டாரத்தில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள். தமிழில் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். வரும்போது தகடு ஒன்று கையோடு எடுத்து வாருங்கள். வாயால் சொன்னால் எனக்கு மடிப்பு எந்தப் பக்கம் என்று விளங்காது. டீ உங்கள் செலவு.